இடது முன் சக்கரம்

சாவி சுற்றியது, ஸ்க்ரூ சுற்றவில்லை. விரல்நுனியில் ஒரு வழுக்கல், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு நறநறப்பு, அவ்வளவுதான். செல்வினுக்கு விளங்கிவிட்டது. ஆலன் கீயை வெளியே இழுத்து, மேசை விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். ஆறு மூலையோடு இருக்க வேண்டிய குழி வட்டமாகக் கிடந்தது. மூலைகள் மழுங்கி, புதிதாகச் சுரண்டப்பட்ட உலோகம் உள்ளே பளபளத்தது. ஒரு அரிசியைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கிற அளவுக் குழி. அதற்குள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடும். மூன்றாவது, என்று நினைத்தான். நினைத்த உடனே இல்லை என்றான். போன மாதம் வழுக்கியது மோட்டாரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ, அது துருப்பிடித்த பழசு, அதைச் சேர்க்கக் கூடாது. அதற்கு முந்தியது பின்சக்கரத்தில், அன்று சாவி தேய்ந்திருந்தது. அப்படிப் பார்த்தால் இதுதான் முதல். காலை ஒன்பதரை மணி. ஓசூரில் அவன் குடியிருக்கிற இரண்டாம் மாடி வீட்டின் முன்னறையில், சாப்பாட்டு மேசை என்று வாங்கிச் சாப்பாடு ஒருநாளும் வைக்காத மேசையில், பழைய துண்டு விரித்து அதன்மேல் காரைக் கவிழ்த்து வைத்திருந்தான். முழங்கை நீளக் கார். ரிமோட்டில் ஓடுவது, பாட்டரியில் ஓடுவது, மண்தரையில் விட்டால் தூசி கிளப்பிக்கொண்டு நாய்களைத் துரத்துகிற வேகம். மேல்மூடியைக் கழற்றிவிட்டதால் இப்போது அது உரித்த ஆடு மாதிரி நரம்பும் கம்பியுமாகக் கிடந்தது. நாற்பத்தாறு வயது மனிதன் பொம்மைக் காரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது சொல்லலாம். சொல்வதற்கு யாரும் வருவதில்லை.

முதலில் ரப்பர் பேண்ட். அகலமான ரப்பர் பேண்டை வெட்டி, குழியின்மேல் வைத்து, அதன்மேல் சாவியை அழுத்தித் திருப்பினால் ரப்பர் சந்துகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். சில நேரம் பிடிக்கும். தபாலில் வந்த ரப்பர் பேண்டைத் தேடி எடுத்து, கத்தரித்து, வைத்து, அழுத்தி, மூச்சை நிறுத்தித் திருப்பினான். ரப்பர் நசுங்கிக் கறுப்புப் பொடியாக வந்தது. ஸ்க்ரூ அசையவில்லை. அது அசையாததற்குக் காரணம் உண்டு, அவனே வைத்த நீலப் பசை. ஓட்டத்தில் கழன்று விழக் கூடாதென்று மரையில் ஒரு சொட்டு வைப்பது, ஒன்றுக்கு இரண்டு சொட்டாக அவன் வைத்திருப்பான், அவன் எப்போதும் அப்படித்தான். இடது முன் சக்கரத்தை இடமும் வலமும் திருப்புகிற கட்டை, பெருவிரல் அளவு. வெளிக்கூடு பிளாஸ்டிக், உள்ளே அலுமினியம். மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒரு ஸ்க்ரூ. மேல் ஸ்க்ரூ வந்துவிட்டது. கீழ் ஸ்க்ரூ வந்தால் உள்ளே இருக்கிற சின்ன பித்தளை வளையத்தைப் பார்க்கலாம். வளையம் தேய்ந்திருந்தால் சக்கரம் ஆடும், சக்கரம் ஆடினால் கார் நேராகப் போகாது. கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். வேறு எங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டதே. ரிங் ரோட்டைத் தாண்டி, மனை போட்டு விற்காமல் கிடக்கிற மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கார் ஓட்டுவார்கள். ஆறு வருஷமாக அவனும் போகிறான். அங்கே அவனுடைய கார்தான் நூல் பிடித்த மாதிரிப் போகும் என்று பெயர். மாசி மாதத்தில் ஒருநாள் அது போதையில் வீடு திரும்புகிறவன் மாதிரி நெளிந்து நெளிந்து போய்ச் செங்கல் குவியலில் மோதியது. யாரோ ராத்திரிச் சரக்கு இன்னும் இறங்கவில்லையா சார் என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ மோட்டார் போய்விட்டது என்று சொன்னான். வீட்டுக்கு வந்து சர்வோவை மாற்றினான். அடுத்த வாரமும் நெளிந்தது. பேரிங்குகளை மாற்றினான். நெளிந்தது. ரிமோட்டையே மாற்றினான், ரிமோட்டும் ரிசீவரும் புத்தம் புதிதாக. நெளிந்தது. மூன்று வாரமாக மைதானத்துக்குப் போகவில்லை. ஆடிட் இருக்கிறது என்று வாட்ஸாப்பில் போட்டான். சரி சார் என்று ஒருவர் மட்டும் பதில் போட்டார். பிறகு அவர்கள் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டு போனார்கள். இந்த வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் போதும். தேய்ந்திருக்கும். தேயாமல் என்ன.

இரண்டாவது, சூடு. சால்டரிங் அயர்னை மாட்டிச் சூடேறக் காத்திருந்தான். நுனியை ஸ்க்ரூவின் தலையில் மட்டும் வைக்க வேண்டும், பக்கத்துப் பிளாஸ்டிக்கில் பட்டால் உருகிவிடும். வைத்தான். நுனி தலையில் நிற்காமல் பொட்டுப் பொட்டாகத் தட்டியது, கதவைத் தட்டுகிற மாதிரி. வலது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இப்போது நின்றது. நின்றதும் அந்தப் பிடி அவனுக்குத் தெரிந்த பிடியாக இருந்தது. விட்டுவிடத் தோன்றியது, விட்டால் பிளாஸ்டிக் உருகும், விடவில்லை. நாகர்கோவிலில் ஆலயத்தில் போதகர் அப்பாவின் மணிக்கட்டை இப்படித்தான் பிடித்தார். திருவிருந்துக்கு முழங்கால் போட்ட வரிசையில் அப்பா ஐந்தாவது, செல்வின் ஆறாவது. அப்பா இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். திராட்சை ரசம் கிண்ணத்துக்குள் அலையடித்தது, உதட்டை எட்டுவதற்குள் வெள்ளைச் சட்டையில் கொட்டியது, கழுத்துப் பட்டன் தொடங்கி வயிறு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. போதகர் குனிந்து மணிக்கட்டைப் பிடித்துக் குடிக்க வைத்தார். அப்பா, தங்கையா, தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர், கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி எழுதுகிறவர், அந்தப் பிடிக்குக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். செல்வின் அதைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி சன்னலைப் பார்த்தான். அப்புறம் நெய்யூரில் பெண் பார்க்கப் போன வீட்டில் டீ. டம்ளரை வாங்காதீங்க, வேண்டாம்னு சொல்லிருங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். அப்பா மறந்துவிட்டார், அல்லது மரியாதைக்கு வாங்கினார். டம்ளர் தட்டில் பட்டுக் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதை அந்த வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பெண்ணின் மாமா தனியாக அழைத்துப்போய், ரொம்பப் பணிவாக, இது குடும்பத்தில் வருகிறதா தம்பி என்று கேட்டார். இல்லை, வயசானதால என்றான். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் நினைவில்லை, மூக்குத்தி நினைவிருக்கிறது. ஓசூருக்குத் திரும்புகிற பஸ் ஏறும்போது அப்பா வழியனுப்ப வந்து நின்றார், கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. அவன் ஐந்து மாதம் போன் பண்ணவில்லை. பிறகு பேசினார்கள், மழை பற்றி, ரப்பர் விலை பற்றி. எட்டு வருஷமாயிற்று அப்பா போய். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. அயர்னை எடுத்தான். கூட்டின் விளிம்பில் ஒரு துளி உருகியிருந்தது, பெரிதில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினான். வழுக்கியது.

மூன்றாவது, நட்சத்திர முனை. குழியைவிட ஒரு பொட்டுப் பெரிதான நட்சத்திர முனையை அதன்மேல் வைத்துச் சுத்தியால் தட்டி இறக்கினால், அதன் பற்கள் வட்டத்தில் புதிதாகப் பள்ளம் வெட்டிக்கொள்ளும். சின்னச் சுத்தி, கடிகாரக் கடைக்காரர்கள் வைத்திருப்பது. முதல் தட்டு சரியாக விழுந்தது. இரண்டாவது தட்டு நகத்தில் விழுந்தது. இடது பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரும்பு ருசி, அல்லது ரத்தம். கீழே தெருவில் பழ வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் சப்போட்டா சப்போட்டா என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டு போனான். இவனுக்கு விரல் துடிப்பதும் சப்போட்டாவும் ஒரே தாளத்தில் வந்தன. கம்பெனியில் இப்படி விரலில் அடி விழுந்ததில்லை. கம்பெனியில் சுத்தி கிடையாது. கம்பெனியில் அவன் வேலை அளப்பது. லேத்தில் கடைசல் முடிந்து வருகிற உருளைகளை அளவுமானியில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தேறும், தேறாது என்று இரண்டு தட்டில் பிரிப்பது. ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் ஒரு பங்கு, அந்த அளவுக்கு முள் பேசும். இருபத்திரண்டு வருஷமாக அவன் வைத்த தட்டை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. போன புதன்கிழமை முள் நிற்கவில்லை. அவன் உருளையை வைத்தான், முள் இரண்டு கோட்டுக்கு நடுவே ஈ மாதிரித் துடித்தது. பக்கத்து மேசை ராஜமாணிக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மெஷின் அதிருதா சார் என்று கேட்டார். ஆமாம், பக்கத்து ஷெட்டில் பிரஸ் ஓடுது என்றான். பக்கத்து ஷெட்டில் அன்று மின்சாரம் இல்லை. ராஜமாணிக்கத்துக்கும் அது தெரியும். அவர் திரும்பித் தன் உருளையை எடுத்துக்கொண்டார், அதுதான் வலித்தது, சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க உருளையை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான், முள் அடங்கும்வரை கை வேலைக் கோட்டின் பைக்குள் இருந்தது. கோட்டுக்குப் பை வைத்தவன் புண்ணியவான். எத்தனை பேருடைய கை எத்தனை பைக்குள் இருக்கிறதோ. தேறாதவற்றை அவன் போடுகிற தட்டு ஒன்று இருக்கிறது, சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதிலிருப்பவை என்ன ஆகின்றன என்று இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. உருக்கிவிடுவார்களாக இருக்கும். வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், ஸ்க்ரூவை நினை. நட்சத்திர முனை உள்ளே உட்கார்ந்திருந்தது. திருப்பினான். குழியின் சுவர் மாவாகக் கொட்டியது. இப்போது அங்கே ஒரு கிண்ணம் இருந்தது, வழவழவென்று, எதுவும் பிடிக்க முடியாத கிண்ணம்.

இனி அறுப்பதுதான். மினி கிரைண்டரில் காசு அகலக் கட்டிங் வீலை மாட்டி, ஸ்க்ரூவின் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு அறுத்துவிட்டால், அதில் தட்டை ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருப்பிவிடலாம். அது தோற்காது. ஆனால் அறுக்கும்போது கட்டையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற வைஸ், கம்பெனியில் இருக்கிறது, வீட்டில் இல்லை. கட்டையைக் கூட்டோடு காரிலிருந்து கழற்றி, மேசை விளிம்பில் ரப்பர் பேண்டால் கட்டிப் பார்த்தான், குதித்து ஓடியது. இரண்டு புத்தகத்துக்கு நடுவே சொருகிப் பார்த்தான். தொடைக்கு நடுவே வைத்து, குனிந்து, கிரைண்டர் சுவிட்சில் விரல் வைத்தவன், தொடையைப் பார்த்து விரலை எடுத்துவிட்டான். மூன்றாவது கை வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை, ஒரே ஒரு கை, அரை நிமிஷம். அரை நிமிஷத்துக்குக் கூப்பிட ஓசூரில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தான். இது கஷ்டமான கேள்வியாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ராஜமாணிக்கம் வேண்டாம். மைதானத்து ஆட்கள் இந்நேரம் மைதானத்தில் இருப்பார்கள், அவர்களிடம் ஆடிட் என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்காரர் கீழே இருக்கிறார், அவர் வந்தால் சுவரில் ஆணி அடித்ததைப் பார்ப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் செவ்வாய்க்கிழமை வருவார். செவ்வாய் வரைக்கும் காத்திருக்கலாம், செவ்வாய்க்கிழமை கேன் போடுகிறவரிடம், ஐயா, கொஞ்சம் உள்ளே வந்து இதைப் பிடியுங்கள் என்று கேட்கலாம். சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தான், அறையில் அந்தச் சத்தம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எதிர்வீடு இருக்கிறது. நாலடி தூரம். மூன்று வருஷமாக அந்தக் கதவை அவன் சத்தத்தால்தான் அறிவான். மாதத்தில் பாதி நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தாழ்ப்பாள், பிறகு படியில் செருப்பு, பிறகு கீழே மொபெட் இரண்டு உதையில் கிளம்பும். சாயங்காலம் குக்கர். ஞாயிற்றுக்கிழமை துணி அடிக்கிற சத்தம், தெலுங்கில் போன். ரோஜாப் பண்ணையில் வேலை, புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பெயர் மின்சாரப் பில்லில் பார்த்தது, நாகவேணி. படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பழக்கம். ஒரு பெண்ணின் கதவைத் தட்டி என்னவென்று சொல்வது. ஸ்க்ரூ வழுக்கிவிட்டது என்றா. மரை கழன்றவன் என்று நினைப்பாள். மூன்று தடவை கதவு வரை போய் மூன்று தடவை திரும்பி வந்து உட்கார்ந்தான். நாலாவது தடவை தட்டிவிட்டான். தட்டிய பிறகு கையில் அந்தக் கட்டையைப் பிடித்திருப்பதைப் பார்த்தான், நல்லது, காட்ட ஏதாவது இருக்கிறது.

கதவு திறந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னக் கீறல் தழும்புகள், முள் கிழித்தவை. அவன் சொல்ல வந்ததைப் பாதியில் குழப்பி, மறுபடி தொடங்கி, ஒரு சின்னச் சாமான், அறுக்கணும், பிடிக்க ஆள் இல்லை, அரை நிமிஷம்தான் என்றான். அவள் கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த கீய்ங் கீய்ங்னு ஞாயித்துக்கெழம சத்தம் வருமே, அது இதானா சார்? நான் மிக்ஸி ரிப்பேரு பண்றீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தன் கதவையும் திறந்தே போட்டாள், இவன் கதவையும் திறந்தே வைத்தாள். மேசையில் கிடந்த காரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாள். இத்தினூண்டு வண்டிக்கு இத்தினி ஸ்க்ரூவா என்று கேட்டாள். நூற்றுக்கு மேல இருக்கும் என்று சொன்னான். சொல்லும்போது தொண்டை கரகரத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அவன் யாரிடமும் பேசியிருக்கவில்லை. குறட்டில் துணி சுற்றிக் கொடுத்தான். அவள் கட்டையைக் குறட்டால் கவ்வி, மேசை விளிம்பில் அழுத்தி, இடது கை விரல்களை அதன் பக்கத்தில் அணைப்பாக வைத்துக்கொண்டாள். வைத்தது அப்படியே நின்றது. கல்லில் செதுக்கிய மாதிரி நின்றது. அவன் பொறி படாமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்துச் சுவிட்சைத் தள்ளினான். கீய்ங் என்று வீல் சுற்றத் தொடங்கியது. சுற்றுகிற வீல் கண்ணுக்குத் தெரியாது, விளிம்பு மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் இப்போது ஒன்றாக இல்லை. மேலும் கீழுமாக இரண்டாய் மூன்றாய்ப் பிரிந்து தெரிந்தது. கிட்டே கொண்டுபோனான். ஸ்க்ரூவின் தலை இருக்கிறது, அதற்கு ஒரு சுண்டுவிரல் தள்ளி அவளுடைய ஆள்காட்டி விரல் இருக்கிறது. நகத்தடியில் பச்சைக் கறை, இலைக் கறை. மூச்சைப் பிடி, முழங்கையை ஊன்று, மணிக்கட்டைப் பிடி. மணிக்கட்டைப் பிடிக்க இடது கை கிரைண்டரில் இருக்கிறது. அவள் தன் விரலைப் பார்க்கவில்லை, ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் சரியாகச் செய்வான் என்று. யாரென்றே தெரியாத ஒருத்தி. அவள் விரலை வைத்துக்கொண்டு அவன் ஒரு பித்தளை வளையத்தைப் பார்க்கப் போகிறான். தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு. அரை நிமிஷம்தான். ஒன்றும் ஆகாது. ஆகாமலும் போகலாம். வட்டம் மேலே போனது, கீழே வந்தது. சுவிட்சை இழுத்தான். வீல் ஊளை இறங்கி நின்றது.

"என்னா சார்?"

"இது சரிப்படாது," என்றான். "என் கை நடுங்குது."

அந்த மூன்று சொல்லை இதுவரை அவன் மனசுக்குள்கூடச் சேர்த்துச் சொன்னதில்லை. சொன்னதும் வெட்கம் வரும் என்று காத்திருந்தான். வந்தது, ஆனால் அவன் பயந்த அளவுக்கு இல்லை. அவள் அவன் கையைப் பார்த்தாள். கிரைண்டரின் வயர் மேசையில் தத்தித்தத்தி அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா?"

"ஏழு மாசமா."

"யாருகிட்டியாவது காட்டினீங்களா?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று. அவள் குறட்டை மேசையில் வைத்தாள்.

"அப்ப நீங்க புடிங்க. நான் அறுக்கறேன். எனக்கு இந்த சுவிச்சு மட்டும் காட்டுங்க."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். சுவிட்சைக் காட்டினான், அழுத்தாமல் தொட்டுத்தொட்டு எடுக்க வேண்டும், பொறி பறக்கும், பயப்படக் கூடாது என்று சொன்னான். தினம் ஆயிரம் காம்பு வெட்டுவதாகவும் வெட்டு ஒரே சாய்வில் இல்லாவிட்டால் சூப்பர்வைசர் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்றும் அவள் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் குறட்டைப் பிடித்து மேசையில் நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். அப்படி முழு எடையும் போட்டால் கை அடங்கியது. வீல் அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வந்தது, ஒரே வட்டமாக, கோடு போட்ட மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்து மூடாமல் பார்த்தான். ஆரஞ்சுப் பொறிகள் துண்டில் விழுந்து அணைந்தன. மூன்று தொடுகையில் ஸ்க்ரூவின் தலைக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, நேரான பள்ளம். தட்டை ஸ்க்ரூடிரைவரை அவன் அதில் இறக்கி, இரண்டு கையாலும் அமுக்கித் திருப்பினான். ஒன்றும் இல்லை. இன்னும் அமுக்கினான். டக் என்று பசை விட்டது. அப்புறம் சுலபமாக, தன்பாட்டுக்கு, சுற்றிச் சுற்றி மேலே வந்து துண்டில் விழுந்தது. வந்துடுச்சு சார் என்று அவள்தான் சொன்னாள். அவன் கூட்டைப் பிரித்துப் பித்தளை வளையத்தை உள்ளங்கையில் தட்டி, விளக்கடியில் கொண்டுபோனான். தேய்ந்திருக்கவில்லை. ஒரு கீறல் இல்லை. வாங்கின அன்றைக்கு எப்படியோ அப்படியே மஞ்சளாக, வழவழப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அளந்த கண், ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கட்டையைத் திரும்பக் காரில் பொருத்தினார்கள். புது ஸ்க்ரூவை அவள்தான் முடுக்கினாள், அவன் பிடித்துக்கொண்டான். ஓடுறதைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மொட்டை மாடிக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. கொடியில் யாருடையதோ பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைப் பெயின்ட் அடித்த தரையில் காரை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தான். துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அதன் பக்கத்தில் விரலால் சுழற்றுகிற சின்னச் சக்கரம். பழக்கத்தில் விரல் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. காரின் முன் சக்கரங்கள் இரண்டும் உடனே படபடவென்று இடமும் வலமும் துடித்தன, குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. விரலை எடுத்தான். சக்கரங்கள் நின்றன. வைத்தான். துடித்தன. இதை ஏழு மாதத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பான். பார்த்தும் சர்வோ என்றான், பேரிங் என்றான், ரிமோட் என்றான். ரிமோட்டை அவளிடம் நீட்டினான்.

"நீங்க ஓட்டுங்க."

எனக்குத் தெரியாதே என்றாள். இதை இழுத்தால் போகும், விட்டால் நிற்கும், இதைத் தொட்டால் திரும்பும், அவ்வளவுதான் என்றான். அவள் இழுத்தாள். கார் ஒரு துள்ளு துள்ளிக் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும், அளவுகோல் வைத்துக் கோடிழுத்தது போல, நேராகப் போனது. சுவருக்கு முன்னால் பயந்துபோய் விரலை எடுத்துவிட்டாள். நின்றது. திருப்பினாள், திரும்பியது. வந்த கோட்டிலேயே திரும்பி வந்தது. அவனுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஒரு கணம் புரியவில்லை. கார் நன்றாக இருக்கிறது. இவ்வளவு நாளும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நல்ல சர்வோவைக் கழற்றிப் போட்டிருக்கிறான், நல்ல பேரிங், நல்ல ரிமோட், கடைசியில் நல்ல ஸ்க்ரூ. இனிக் கழற்ற அதில் எதுவும் பாக்கி இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவர் சுட்டது.

"நல்லாதானே சார் ஓடுது? எங்க ரிப்பேரு?"

"வண்டியில இல்ல," என்றான்.

அவள் ரிமோட்டைத் தாழ்த்தினாள். அப்புறம், தன் புருஷனுக்கு முதுகுவலிக்குப் போன ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருத்தர் திங்கள்கிழமை மட்டும் வருவார் என்றும், நல்லபடியாகப் பேசுவார், அதட்டமாட்டார் என்றும் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு. காலையில சும்மாதான் இருப்பேன். எட்டு மணிக்கு அங்க இருந்தா சீட்டு கெடைக்கும். எடம் காட்டிட்டு வரேன்."

நாளைக்கு ஸ்டாக் எடுக்கிற நாள், லீவு கிடைக்காது, அடுத்த திங்கள்கிழமை பார்க்கலாம், அதற்குள் தானாகவே குறைந்தாலும் குறையும், இது தூக்கம் போதாததால்கூட இருக்கலாம். எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்று சொல்லலாம். வேறு ஏதாவதும் சொல்லலாம். ராஜமாணிக்கத்திடம் என்ன சொல்வது. சிவப்புத் தட்டு. அவன் அதையெல்லாம் சொல்லாமல், எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டான்.

"ஏழரைக்கு. கதவத் தட்டறேன்."

சரி என்றான். அவள் ரிமோட்டைத் திருப்பித் தருவது போல நீட்டி, பிறகு தயங்கி, இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டிக்கட்டுமா என்று கேட்டாள். ஓட்டுங்க என்றான். இந்தத் தடவை அவள் பயப்படவில்லை. கார் தொட்டியைச் சுற்றி, கொடிக் கம்பத்தைச் சுற்றி, வெள்ளைத் தரையில் சத்தமிட்டுக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக அவன் அதன் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறான், அவனைவிட்டு விலகிப் போகிற முதுகை. இப்போது அது தூரத்தில் திரும்பி, நேராக அவனைப் பார்த்து வந்தது. வெயிலில் கண் கூசியது. நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தான். கை நடுங்கியது. நாகவேணி திரும்பிப் பார்த்தாள். அவன் கையை இறக்கவில்லை.